நெடுங்கண்மாயில் தலைவர்கள் இறங்கிய நாள்

நெடுங்கண்மாய் பேரூராட்சியில் தலைவர்கள் மிதப்பார்கள். பதவியேற்ற அன்று கழுத்தில் விழும் முதல் மாலைக்கே குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும். ஒரு பாராட்டுக் கூட்டம் முடிவதற்குள் ஒரு முழம் உயர்ந்திருப்பார்கள். பொன்னாடை, சுவரொட்டி, வாழ்த்துப்பா என்று சேரச் சேர உடம்பில் எடை குறைந்துகொண்டே போகும். ஆடி மாதக் காற்றில் இதனால் சில சங்கடங்கள் உண்டு. அதற்காகப் பேரூராட்சியில் வடம் பிடிப்பாளர் என்று ஒரு பணியிடம் வைத்திருந்தார்கள். தலைவரின் இடுப்பில் தேங்காய் நார் வடத்தைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் கூட்டிப் போவது வேலை. வடத்தின் நீளம் இருநூறு அடி. அதற்கும் மேலே தலைவர் போய்விட்டால் வடத்தை விட்டுவிடலாம் என்று விதியில் இருந்தது. விட்டபின் பதிவேட்டில் ஒரு கையெழுத்து போட வேண்டும்.

காளீஸ்வரி பதினாறு வருடமாக அந்த வேலையில் இருந்தாள். கணவன் இறந்தபோது கருணை அடிப்படையில் கிடைத்தது. இரண்டு பெண்களை அந்தக் கையால்தான் வளர்த்தாள். உள்ளங்கைகள் இரண்டும் மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தன.

அவள் ஒரு முறை வடத்தை விட்டிருக்கிறாள். இருளப்பன் தலைவராக இருந்த காலம். தேர்த் திருவிழா அன்று இருநூறு அடி முடிந்தது. விதிப்படி விட்டாள், கையெழுத்தும் போட்டாள். இருளப்பன் முந்நூறு அடி உயரத்தில் போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து காலையில் வாசல் தெளிக்கும்போது அண்ணாந்து பார்த்தால் அவருடைய உள்ளங்கால்கள் தெரியும். இடது காலில் ஒரு பழைய தழும்பு இருந்தது. காளீஸ்வரி அதைப் பார்க்காமல் கோலம் போட முயன்றாள், முடிந்ததில்லை.

இருளப்பனுக்கு மேலே இன்னும் பழையவர்கள் இருந்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஊர்த் தேவாலயப் பங்கைக் கவனித்த பாதிரியார் சவரிநாதர், அவருக்கும் மேலே திருமடத்தின் பழைய சன்னிதானம் ஒருவர். எல்லாருக்கும் மேலே, மழைமேகத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அது வேழக்கோ. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஊருக்குக் கண்மாய் வெட்டிய அரசர். வெட்டி முடித்த அன்று நாற்பது புலவர்கள் ஒரே நேரத்தில் பாடியதாகச் சொல்வார்கள்.

மிதக்காத தலைவர்களும் ஊரில் இருந்திருக்கிறார்கள். சந்தைப்பேட்டைக் கிணற்றடியில் அடங்கியிருக்கும் சூஃபிப் பெரியவர் அவுலியா, சீடர்கள் புகழ ஆரம்பித்தாலே வாளியை எடுத்துக்கொண்டு மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவாராம். சாகும் வரை அவருக்குச் செருப்பு தேய்ந்துகொண்டே இருந்தது. ஊர்ச் சபைக்குத் தலைமை தாங்கிய அம்மாள் ஒருத்தி, சபை கலைந்ததும் விளக்குமாற்றை எடுத்துச் சந்தையைக் கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாளாம். அவர்களெல்லாம் மண்ணிலேயே வாழ்ந்து மண்ணுக்குள்ளேயே போய்விட்டதால் வானத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. அம்மாளின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

இப்போதைய தலைவர் சொர்ணலிங்கம். அவர் தலைவராவதற்கு முன்னால் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தை முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு குமிழி வந்தால் போதும், விரல் அங்கே போய்விடும். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்குகிறவரும் அவர்தான். அதனால்தான் ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்ததும் மாலை போட்டது.

மூன்று மாதத்தில் அவர் தென்னை உயரத்துக்குப் போனார். ஆறு மாதத்தில் கோபுர உயரம். கோப்புகளை மூங்கில் கம்பில் கட்டி நீட்டினார்கள். மனுக்களைக் கூடையில் வைத்து ஏற்றினார்கள். கூடை இறங்கும்போது உள்ளே "பார்க்கலாம்" என்று எழுதிய சீட்டுகள் இருக்கும். காளீஸ்வரி கீழிருந்து பேசுவதை அவர் முதலில் கேட்டார். பிறகு கேட்டது மாதிரி தலையை ஆட்டினார். பிறகு அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என்ன தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. பத்தொன்பது வருடமாக நிறையாத கண்மாய் கரையின் தோள் வரைக்கும் ஏறி நின்றது. நான்காவது நாள் காலையில் மழை தூறலாகக் குறைந்தபோது, கண்மாய்க் காவல்காரர் வந்து தெற்குக் கரையில் எங்கோ கசிகிறது, எங்கே என்று புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கரையின் வெளிப்பக்கம் முழுவதும் வீடுகள். தாழ்வான பக்கம் பள்ளிக்கூடம். காளீஸ்வரியின் வீடும் அங்கேதான்.

அன்று சொர்ணலிங்கத்துக்குப் பிறந்தநாள். பேருந்து நிறுத்தத்தில் மேடை போட்டிருந்தார்கள். கிரேன் ஒன்று வந்து நின்றது. அதன் கொக்கியில் அறுபது அடி மாலை தொங்கியது. சாமந்தியும் ஆப்பிளும் மாற்றி மாற்றிக் கட்டிய மாலை.

காளீஸ்வரி வடத்தை இரண்டு இழு இழுத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"தலைவரே, இந்த மாலை வேணாம். கயிறு இன்னும் பத்தடிதான் இருக்கு. கண்மாய்க் கரை வேற கசியுதாம். வந்து ஒரு எட்டு பாருங்க."

"பார்க்கலாம்," என்றார் சொர்ணலிங்கம்.

கிரேன் கையை உயர்த்தியது. மாலை அவர் தோளில் இறங்கியது. கூட்டம் கை தட்டியது, தவில் முழங்கியது. மீதமிருந்த பத்தடி வடமும் காளீஸ்வரியின் கையிலிருந்து சரசரவென்று ஓடி, நுனி முடிச்சு உள்ளங்கையில் வந்து இடித்தது.

செயல் அலுவலர் குடையோடு பக்கத்தில் வந்து நின்றார். பதிவேட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"விதிப்படி விட்டுடும்மா. இங்க ஒரு கையெழுத்து."

காளீஸ்வரி பதிவேட்டைப் பார்த்தாள். அதே பக்கத்தில் மேலே, இருளப்பன் பெயருக்கு எதிரில், அவளுடைய பழைய கையெழுத்து இருந்தது. பேனாவை வாங்கவில்லை. வடத்தின் நுனியைத் தன் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடுத்த கைதட்டலில் அவள் கால்கள் தரையை விட்டன.

"மதியம் வந்துடுவியா?" என்று செயல் அலுவலர் கீழிருந்து கேட்டார்.

"பாக்கறேன் சார்," என்றாள்.

மேலே போகப் போகத் தூறல் பக்கவாட்டில் அடித்தது. காளீஸ்வரி இரண்டு கைகளாலும் வடத்தைப் பற்றி ஏற ஆரம்பித்தாள். பதினாறு வருடம் இழுத்த கைகளுக்கு அது பெரிய வேலையாக இல்லை. பாதி தூரம் ஏறியபோது தழும்புள்ள இடது கால் அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"காளீஸ்வரியா? நல்லா இருக்கியா?" என்றார் இருளப்பன்.

"இருக்கேன்யா. நீங்க?"

"குளிருது."

அவள் வடத்தைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்குக் கயித்த விட்டிருக்கக் கூடாதுய்யா."

"விதிப்படிதானே விட்ட," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். கண்மாய் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. மூன்றாவது மடைக்கும் நான்காவது மடைக்கும் நடுவில், தெற்குக் கரையின் வெளிப்பக்கம், மண் கறுத்து ஒரு கட்டில் அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. அதன் நடுவே ஒரு விரிசல். கரையில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது, கருவேலம் புதர் மறைத்திருந்தது.

"அய்யா, அது எப்பலேருந்து இருக்கு?"

"முந்தாநாள் காலையிலேருந்து. நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

இருளப்பன் யோசித்தார். "எங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கறதில்லையேம்மா. கீழேருந்து கும்பிடுவாங்க. பிறந்தநாளுக்கு வாழ்த்துவாங்க. அவ்வளவுதான்."

"நான் கேக்கறேன்," என்றாள் காளீஸ்வரி. "சும்மாதானே இருக்கீங்க? மண்ணு சுமக்க ஆள் வேணும். வர்றீங்களா?"

இருளப்பன் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். "வர்றேன்," என்றார்.

சொன்ன மாத்திரத்தில் அவர் ஓர் ஆள் உயரம் சறுக்கினார். கால்களைத் துழாவினார். உடம்புக்குள் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி முகம் மாறியது. பிறகு கிணற்றில் வாளி இறங்குவதுபோல நிதானமாக இறங்கத் தொடங்கினார்.

காளீஸ்வரி மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "சாமீ!"

பாதிரியார் சவரிநாதரும் திருமடத்துச் சன்னிதானமும் ஒரே நேரத்தில், "என்ன?" என்றார்கள். நூறு வருடத்துக்கு மேலாக மேலும் கீழுமாக மிதந்தும் அவர்கள் அதுவரை பேசிக்கொண்டதில்லை.

"ரெண்டு பேருந்தான். கரை உடையப் போகுது. கூடை தூக்கணும்."

"நாம் கூடை தூக்கியதில்லையே," என்றார் சன்னிதானம்.

"அந்தக் காவித் துண்டச் சுருட்டித் தலையில வெச்சா அதுதான் சும்மாடு. மத்ததெல்லாம் கழுத்து பாத்துக்கும்."

பாதிரியார் தொண்டையைச் செருமினார். "பெரிய வியாழன்தோறும் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவியிருக்கிறேன்," என்றார்.

"இது கால் கழுவற வேலை இல்ல சாமி. கால் சேறாகற வேலை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னிதானம் துண்டைச் சுருட்ட ஆரம்பித்தார். பாதிரியார் அங்கியின் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினார். இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

வேழக்கோ வெகுதூரத்தில் இருந்தார். காளீஸ்வரி கையைக் குவித்துக் கத்த வேண்டியிருந்தது. "ராசா! நீங்க வெட்டுன கண்மாய்தான்! கரைக்கு மண்ணு வேணும்!"

மேலிருந்து குரல் வரக் கொஞ்ச நேரம் ஆனது. "எத்தனை கூடை?"

"கரை நிக்கற வரைக்கும்!"

"ஆகட்டும்," என்று பதில் வந்தது. புள்ளி பெரிதாகத் தொடங்கியது.

மிச்சம் இருந்தது சொர்ணலிங்கம். காளீஸ்வரி வடம் முழுவதும் ஏறி அவர் பக்கத்தில் வந்துவிட்டாள். மாலை அவரை இன்னும் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. அவர் கண்கள் அடிவானத்தில் இருந்தன.

"காளீஸ்வரி, நீ ஏன் வந்த?" என்றார் திரும்பாமலே. "முடிச்ச அவுத்துட்டு இருளப்பன் கையப் பிடிச்சு இறங்கிடு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு உனக்கு."

அதைச் சொன்னபோது அவர் இரண்டு விரற்கடை இறங்கினார். காளீஸ்வரி கவனித்தாள். தலைவரே என்று கூப்பிட வாயெடுத்தவள், கடை வைத்திருந்த காலத்தில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு பஞ்சர்."

அவர் தலை திரும்பியது.

"எங்க?"

"கண்மாய்ல. வெளிய ஈரம் தெரியுது. உள்பக்கம் ஓட்டை எங்கன்னு யாருக்கும் தெரியல."

"தண்ணில அமுக்கிப் பாத்தாத் தெரியும்."

"தண்ணிலதாண்ணே இருக்கு."

ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக சொர்ணலிங்கம் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். தூறல் விழுந்து நீர் முழுவதும் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. கரையிலிருந்து இருபதடி தள்ளி ஓர் இடத்தில் மட்டும் புள்ளிகள் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தன. தட்டளவுகூட இல்லாத சுழி.

"அங்க," என்றார். விரல் நீண்டது. "விரிசலுக்கு நேரா இல்ல. ஏழெட்டடி கிழக்க. குறுக்க ஓடி வந்து வெளிய வருது. நான் அடைக்கறேன்."

மாலையைத் தலைவழியே கழற்றி எறிந்தார். ஆப்பிள்கள் பேருந்து நிறுத்தத்தில் பொத் பொத்தென்று விழுந்தன. அவர்கள் இருவரும் கல் மாதிரி விழவில்லை, காற்று கண்மாய்ப் பக்கம் தள்ள, மூட்டை மாதிரி இறங்கினார்கள். வழியில் இருளப்பனையும் பாதிரியாரையும் சன்னிதானத்தையும் தாண்டிப் போனார்கள். காளீஸ்வரி கரையில் குதித்து வடத்தை அவிழ்த்தாள். சொர்ணலிங்கம் நேராகத் தண்ணீரில் இறங்கினார்.

காளீஸ்வரி மேலிருந்து கத்தியதைக் கேட்டு ஊர் அதற்குள் கரைக்கு வந்துவிட்டது. மண்வெட்டி, கூடை, சிமெண்டுச் சாக்கு என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்திருந்தார்கள். காளீஸ்வரி புதருக்கு முன்னால் நின்றுகொண்டு கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். இங்கே வெட்டு, அங்கே கொட்டு, சாக்கின் வாயைக் கட்டாமல் கொடுக்காதே. பதினாறு வருடம் குரலை உயர்த்தாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அவ்வளவு குரல் இருந்தது அன்றுதான் தெரிந்தது. சன்னிதானம் கூடையை வாங்கிப் பாதிரியாருக்குக் கொடுத்தார். பாதிரியார் இருளப்பனுக்குக் கொடுத்தார். இருளப்பன் சாக்குகளைத் தண்ணீருக்குள் நீட்ட, சொர்ணலிங்கம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு முங்கினார். முங்கியவர் எழ ஒவ்வொரு தடவையும் அதிக நேரம் ஆனது. பதினோராவது சாக்கோடு முங்கியபோது, காளீஸ்வரி எண்பது வரைக்கும் எண்ணினாள். எண்பத்தொன்றில் அவர் தலை வெளியே வந்தது.

"சுழி நின்னுருச்சு," என்றார், வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு. "ஆனா மேல மண்ணு பொதபொதன்னு இருக்கு. இறுக்கணும். இல்லைன்னா ராத்திரி தாங்காது."

அப்போதுதான் வேழக்கோ வந்து சேர்ந்தார். எண்ணூறு வருட உயரம் என்பதால் நேரமாகிவிட்டது. நல்ல உயரம், கறுத்த உடம்பு, கழுத்தில் ஒரு பழைய பொன்மணி. இறங்கிய இடத்தில் கணுக்கால் வரை புதைந்தார்.

"எங்கள் காலத்தில் இதற்கு யானைகளை விடுவோம்," என்றார். "முப்பது யானைகள் கரைமேல் நடந்தால் மண் கல்லாகும்."

"இப்ப யானை இல்ல ராசா. நீங்கதான் மிதிக்கணும்."

அவர் ஒரு கூடை மண்ணைத் தலையில் ஏற்றிக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தார். மண் அமுங்கியது. இன்னொரு கூடை கேட்டார். கூடை ஏற ஏற அவர் எடையும் ஏறியது, எண்ணூறு வருடமாகச் சுமக்காதது எல்லாம் சேர்ந்து வந்ததுபோல. ஐந்தாவது கூடையில் அவர் காலடி விழுந்தபோது பள்ளிக்கூடத்து மணி தானாக ஒரு தடவை அடித்தது. கரை முழுவதும் போனார், திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் சன்னிதானமும் பாதிரியாரும் இருளப்பனும் வரிசையாக மிதித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர். பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், குடையை மடக்கிவிட்டுச் செயல் அலுவலர். எல்லாரும் ஒரே தாளத்தில் மிதித்தார்கள். மாலை நாலு மணிக்கு விரிசல் இருந்த இடத்தில் காளீஸ்வரி கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள். கணீரென்று சத்தம் வந்தது.

அதே சமயம் வடக்குக் கோடியில் கலுங்கு வழிந்தது. உபரி நீர் அதன் வழியே ஓடைக்கு இறங்க வேண்டும் என்றுதான் கட்டியிருந்தார்கள், பத்தொன்பது வருடமாக அது காய்ந்து கிடந்தது. இப்போது வெள்ளைத் துணியை விரித்த மாதிரி தண்ணீர் விழுந்தது. கெண்டை மீன்கள் துள்ளின. மேகம் விலகி வெயில் வந்தது. கரையில் நின்ற ஆயிரம் பேரும் ஒரே குரலில் ஆர்ப்பரித்தார்கள். தவில்காரர் தவிலை எடுத்தார். "மாமன்னர் வேழக்கோ வாழ்க! தலைவர் சொர்ணலிங்கம் வாழ்க!"

வேழக்கோவின் குதிகால் மண்ணை விட்டு எழும்பியது. சொர்ணலிங்கம் ஒரு சாண் உயர்ந்து, பயந்துபோய்க் கருவேலங் கிளையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க!" என்று காளீஸ்வரி போட்ட சத்தத்தில் தவில் நின்றது. "யாரும் கை தட்டாதீங்க. பசியோட இருக்காங்க, முதல்ல கஞ்சி ஊத்துங்க. குடிச்சு முடிச்சதும் அண்டாவ அவங்ககிட்டயே குடுங்க, கழுவட்டும்."

அப்படியே செய்தார்கள். கஞ்சியைக் குடித்துவிட்டு வேழக்கோ பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்தார். சன்னிதானம் சாம்பல் போட்டார், பாதிரியார் தண்ணீர் ஊற்றினார். அடி பிடித்ததை எப்படி எடுப்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. இருளப்பன் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார். சொர்ணலிங்கம் கிளையை விட்டுவிட்டு வந்து கரண்டிகளைக் கழுவினார். ஐந்து பேருடைய பாதங்களும் தரையில் பதிந்திருந்தன. ஊர் சத்தமில்லாமல் நின்று பார்த்தது. யாரும் கை தட்டவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமான ஒரு கூட்டத்தை நெடுங்கண்மாய் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இருளப்பன் காளீஸ்வரியிடம் ஒரு தம்ளரை நீட்டினார். "நீ குடிக்கலையே."

அவள் வாங்கிக் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. கஞ்சி சூடு என்றாள்.

அடுத்த வாரம் பேரூராட்சிக் கூட்டத்தில் வடம் பிடிப்பாளர் பணியிடத்தை நீக்கித் தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பதிலாக வேலை பிரிப்பவர் என்று ஒரு புதிய பணியிடம். காளீஸ்வரிதான் முதல் ஆள். காலை ஏழு மணிக்குத் தலைவர்கள் அவள் முன்னால் வரிசையில் நிற்பார்கள். வேழக்கோவுக்குக் கரைக் காவல். பாதிரியாருக்கும் சன்னிதானத்துக்கும் சேர்த்து வாய்க்கால் தூர் வாருதல். இருளப்பனுக்குத் தெருவிளக்கு, ஏணி போட்டு ஏற வேண்டும். சொர்ணலிங்கம் தலைவராகவே நீடித்தார். காலையில் இரண்டு மணி நேரம் பஞ்சர் ஒட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார். கோப்புகளில் "பார்த்தேன்" என்று எழுதினார். பக்கத்து ஊர்களிலிருந்து வானத்தில் இருந்தவர்கள் விலாசம் விசாரித்துக்கொண்டு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். காளீஸ்வரி யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

கார்த்திகை பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும், தன் கரையைக் காத்த ஊரைப் பார்க்கக் கண்மாயே எழுந்து வந்தது. கரையைத் தாண்டி, படித்துறை வழியாகக் கவனமாக இறங்கி, கடைத்தெருவில் இடதுபக்கமாகவே வந்தது. மீன்களையும் கூட்டி வந்திருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. காளீஸ்வரி தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். கண்மாய் அவள் வாசலில் வந்து தயங்கி நின்றது.

அவள் செருப்புகளை ஓரமாக எடுத்து வைத்தாள்.

"வாங்க," என்றாள். "உள்ள வந்து உக்காருங்க."